ரெண்டு மணிக்கு மாறுற நம்பர்

— பூட்டி வச்ச நம்பர் தானா மாறாதுக்கா. யாராவது உள்ள போய் மாத்தினாத்தான் மாறும்.

— யாராவதுன்னா யாரு? சுத்தி வளைக்காம நேரா சொல்லு.

— வீட்டுல இருக்கறது நீயும் அப்பாவும்.

— ஆக, நான்தான்.

— நான் சொல்லல, கேமரா சொல்லுது. ஒரு மாசமா தினம் மதியம் ரெண்டு மணிக்கு அப்பா ரூம் கேமரா போயிடுது, மூணு மணிக்கு வருது. ஆபீஸுக்குப் போற ஆளு மாதிரி. எந்த மெஷினுக்கு இவ்வளவு கரெக்டா டைம் தெரியும்?

— நீதானே பெரிய நெட்வொர்க் இன்ஜினியர், கண்டுபிடி. ரவுட்டர் வீட்டுல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்குது, கேமரா நம்பர் மாறிப்போறதாலதான் உனக்குத் தெரியலன்னு சொன்னே. சரின்னு நேத்து தலைக்கு மேல வேலை கெடக்கும்போது உன்கூட ஒன்றரை மணி நேரம் உக்காந்து, நீ சொன்னதெல்லாம் அடிச்சு, இனிமே கேமராவுக்கு ஐம்பதுதான்னு பூட்டினேனா இல்லையா?

— பூட்டினே. அடுத்த ஒரு மணி நேரத்துல போச்சு. லாஜிக்கா யோசிக்கா. ரவுட்டர் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

— அது அப்பா வச்சது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிடையர் ஆன தேதி. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

— வீட்டு வைஃபையில இருந்தாத்தான் ரவுட்டருக்குள்ள போக முடியும், நான் இந்த ஊர்ல இருந்து போக முடியாது. அப்ப மிச்சம் யாரு?

— வாயில நல்லா வந்துடும், சொல்லிட்டேன்.

— வரட்டும். அந்த ஒரு மணி நேரம் அப்பாவைத் தனியா விட்டுட்டு எங்க போறே?

— எங்கயும் போகல. அவர் கட்டில் பக்கத்துல நாற்காலியில உக்காந்திருக்கேன்.

— உக்காந்து?

— உக்காந்து... உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்.

— பாரு, பதில் சொல்லும்போதே திணறுறே. போன மாசம் நீ அந்த நாற்காலியில குறட்டை விட்டதை நானே பாத்தேன். அவர் பக்கத்துல தண்ணி டம்ளர் சாஞ்சு கெடக்கு, நீ வாயைப் பொளந்துக்கிட்டு தூங்குறே.

— ஆமா, பாத்தே. பாத்துட்டு என்ன பண்ணினே? கேமரா ஸ்பீக்கர்ல தொண்டை கிழியக் கத்தினே. "அக்கா, எந்திரி!"ன்னு. நான் எந்திரிச்சேன், சரி. அந்த மனுஷன் தூக்கிவாரிப்போட்டு நடுங்கினாரே, அதைப் பாத்தியா? சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் சாப்பிடல.

— அப்பா விழுந்திருந்தா?

— எங்கடா விழுவாரு? நாலு பக்கமும் கம்பி போட்ட கட்டில். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் உடம்பே வராத மனுஷன். ராத்திரியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வச்சு எந்திரிச்சு அவரைத் திருப்பிப் போடறேன். எட்டு மாசம் ஆச்சு. முதுகுல ஒரு புண்ணு உண்டா? டாக்டரே கேட்டாரு, வீட்டுல யாரு பாக்கறாங்கன்னு. அதெல்லாம் உன் கேமராவுல தெரியாதா?

— நீ கஷ்டப்படலன்னு நான் சொல்லல...

— சொல்லவே வேண்டாம். திங்கக்கெழம வண்டி வருது, அப்பாவை அந்த முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போகப்போறாங்கன்னு எனக்கு ஒரு மெசேஜ் போட்டியே, அதுலயே எல்லாம் சொல்லிட்டே. அக்கா நீ என்ன நினைக்கிறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? அப்பாகிட்ட கேட்டியா?

— அங்க இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்காங்க. ஒரு நிமிஷம் கூட கண்ணு அசர மாட்டாங்க.

— நர்ஸ் இருப்பாங்க. அவர் தண்ணி கேக்கறாரா, தலையணையை நகர்த்தச் சொல்றாரான்னு புரிய யாரு இருப்பா? ஒவ்வொரு சொல்லாப் பிச்சுப் பிச்சுப் பேசறாரு. அது புரிய எனக்கே மூணு மாசம் ஆச்சு.

— கேமரா ஒரு நாள், ஒரே ஒரு நாள், முழுசா ஓடினா வண்டியை நிறுத்திடறேன். நேத்தே சொன்னேன். நீதான் ஓட விட மாட்டேங்கறே. மறைக்க ஒண்ணும் இல்லன்னா ஏன்க்கா அணைக்கறே?

— டேய்! இப்ப மணி என்ன?

— அங்க ஒண்ணு அம்பத்தெட்டு.

— போனை வைக்காத. நான் ஹால்ல லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கேன். உன்கிட்ட பேசிக்கிட்டே இருக்கேன், விடாம பேசறேன். இன்னிக்கு போகுதான்னு நீயே பாரு. போச்சுன்னா என் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்.

— போகாது. நீ மாட்டிக்கிட்டே இல்ல, அதனால போகாது.

— அப்பா என்ன பண்றாரு? தெரியுதா?

— நல்லாத் தெரியுது. டேப்லட்டை நெஞ்சு மேல வச்சு ஒரு விரலால தேச்சுக்கிட்டு இருக்காரு. சீட்டாட்டம்தான், வேற என்ன. சரி, சும்மா இருக்கற நேரத்துல ரவுட்டர் பக்கத்தைத் திற. ஐம்பது அப்படியே இருக்கான்னு பாத்துடுவோம்.

— திறந்துட்டேன். பாஸ்வேர்டு போட்டா உள்ள விட மாட்டேங்குது.

— தப்பா அடிச்சிருப்பே.

— கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு. ஏதோ சிவப்பா எழுதுது. வேற ஒருத்தர் ஏற்கெனவே உள்ள இருக்காங்களாம். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள இருக்க முடியுமாம்.

— என்னது? யாரு உள்ள இருக்கா? நம்பர் போட்டிருக்கும் பாரு.

— கடைசியில பதினாலு.

— பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது திருட்டுத்தனமா நுழைஞ்சுட்டானா? நேத்து எழுதச் சொன்னேனே ஒரு தாளு, எதுக்கு எந்த நம்பர்னு. அதைப் பாரு. சீக்கிரம்!

— கத்தாத, பாக்கறேன். லேப்டாப் பதினொண்ணு. என் போன் பன்னெண்டு. டிவி பதிமூணு...

— அக்கா! போச்சு! கேமரா போச்சு! இப்ப, இந்த நிமிஷம்! நீ என்ன பண்ணினே?

— நான் உள்ளயே போகலையேடா! எனக்குத்தான் கதவே திறக்கலையே!

— பதினாலு யாருது? படி!

— இரு, தாளைத் திருப்பறேன்.

— அக்கா?

— டேப்லட்டு.

— எந்த டேப்லட்டு? அப்பாவோடதா? அவருக்கு ஒரு கைதானே... சீட்டுதானே ஆடுவாரு?

— முப்பத்தஞ்சு வருஷம் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊருக்கெல்லாம் லைன் குடுத்த மனுஷன்டா. அவர் இருக்கற ரூம்லயே உக்காந்து நம்பரு, பூட்டு, பாஸ்வேர்டுன்னு நேத்து ஒன்றரை மணி நேரம் கத்தினோம். ரெண்டு பேருக்கும் அவர் ஒரு ஆளாவே தெரியல.

— போனைக் கொண்டுபோய் அவர்கிட்ட குடு.

— திட்டினே, கொன்னுடுவேன்.

— திட்டல. குடுக்கா.

— அப்பா... அதை அப்படிக் கீழ வைங்க. ஒளிக்க வேண்டாம், தெரிஞ்சுபோச்சு. தம்பி லைன்ல இருக்கான்.

— ம்.

— அப்பா, நீங்களா கேமரா நம்பரை மாத்தறீங்க?

— ஆமா.

— ஏன்ப்பா? உங்களுக்காகத்தானே அதை மாட்டினேன்! உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நான் இங்க பைத்தியக்காரன் மாதிரி அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு அணைச்சு அணைச்சு விளையாடறீங்க. அக்காவை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா?

— கேட்டேன்... எல்லாம்.

— கேட்டுட்டும் ஒரு வார்த்தை சொல்லல நீங்க? நான்தான் அணைச்சேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சதே. திங்கக்கெழம வண்டி வருதுன்னு தெரியும்ல உங்களுக்கு?

— சொன்னா... நீ... பாஸ்வேர்டு... மாத்திடுவே.

— மாத்தினா என்னப்பா? அந்த ஒரு மணி நேரத்துல அப்படி என்னதான் நடக்குது?

— மெதுவாக் கேளுடா, மூச்சு வாங்குது அவருக்கு. அப்பா, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. அவன் காத்திருப்பான்.

— ரெண்டு மணிக்கு... அவ தூங்குவா. நீ கத்துவே... எந்திரிச்சுடுவா. ராத்திரி பூரா... அவ என்னைப் பாத்துக்கறா. அந்த ஒரு மணி நேரம்... நான் அவளைப் பாத்துக்கறேன்டா.