இடது காதுக்கு மேலே இரண்டு விரல்

மார்ச் 14, வெள்ளி.

அன்றைய தவறிலிருந்துதான் நாட்குறிப்பைத் தொடங்க வேண்டும் என்பது மாலை நேர எழுத்து வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை. இன்றைய தவறு சிறியது. நாளைய சாம்பியன் குத்துச்சண்டையைப் பற்றி வகுப்பில் கொடுத்த முன்னோட்டக் கட்டுரையில், "இருவருமே இதுவரை தோற்றதில்லை, இருவருமே இதுவரை தரையில் விழுந்ததில்லை" என்று எழுதிவிட்டேன். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு. ஒருவன் விழுந்திருக்கிறான். அவன் என் அண்ணன்.

டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. வேறொன்றைச் சொன்னார். "ரெண்டு பேரையும் நல்லா அளந்து வச்சிருக்கே. ஆனா யார் ஜெயிப்பான்னு சொல்லாம நழுவிட்டியே? வீட்டுல சோறு கிடைக்காதுன்னு பயமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அந்தக் குறையைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனைக் குருவி என்று கூப்பிடுவார்கள். எடை குறைந்த பிரிவு, தரையில் பாவாத கால்கள். வந்து கொத்துவான்; திருப்பி அடிக்கும்போது அங்கே இருக்க மாட்டான். எதிராளியின் பட்டப்பெயர் ஆணி. அவனுக்குக் கால் மெதுவு. ஆனால் வலது கையை மேலிருந்து வளைத்து இறக்குவான். அது எதிரே நிற்பவனின் இடது காதுக்கு மேலே வந்து இறங்கும். போன சண்டையில் அதை வாங்கியவன் விழக்கூட இல்லை, நின்றபடியே கண் செருகினான். நடுவர் புகுவதற்குள் ஆணி இன்னும் இரண்டு வைத்தான். தாடை ஒரு பக்கமாகக் கழன்றது. பல்காப்பு கயிற்றைத் தாண்டிப் போய் விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் தன் சட்டையில் தெறித்த ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

என் வேலை ஆணியாக இருப்பது. பயிற்சியில் எதிராளி மாதிரியே அடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே எடை, ஒரே உயரம். ஒரே பிரிவில் இரண்டு பேரை ஏற்ற முடியாது என்று எங்கள் பயிற்சியாளர், மாஸ்டர், சொன்னபோது அண்ணன் மேடை ஏறினான், நான் அவன் குத்திப் பழகும் மூட்டையானேன். "எல்லார்கிட்டயும் தொங்குற மூட்டை இருக்கு, என்கிட்ட பேசுற மூட்டை இருக்கு" என்று என் தோளில் கை போட்டுச் சொல்வான். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பல தடவை யோசித்துப் பார்த்தும் கிடையாது.

சென்ற மாதம் ஒரு நாள், மாஸ்டர் போன் பேச வெளியே போயிருந்தார். நான் ஆணியின் வலதை இறக்கினேன். தலைக்கவசத்தின் மேல்தான். பின்னால் நாற்காலி இருக்கிறது என்று நம்பியவனைப் போல அண்ணன் நிதானமாக உட்கார்ந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "பஸ் போயிடுச்சா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னை அடையாளம் தெரிந்தது. கையுறையோடு என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், மாஸ்டர்கிட்ட மூச்சு விடாத. டாக்டர்கிட்ட அனுப்புவார். அந்தாளு ஸ்கேன் கீன்னு சொல்லி சண்டையையே நிறுத்திடுவான். என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அண்ணன் பேச்சை நான் தட்டியதில்லை.

ஆனால் எனக்கு என் மேல் நம்பிக்கை குறைவு. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம். அதனால் மறுநாளும் அதே இடத்தில் அடித்தேன். அவனுடைய வலது கால் ஒரு கணம் இழுபட்டது. அடுத்த நாள் சற்று முன்னால், நெற்றிப்பொட்டில் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் காதுக்கு மேலே. கால் இழுபட்டது. இரண்டு விரல் அகலம்தான் அந்த இடம். பிறகு வேறு இடங்களில் அடிப்பது வீண்வேலையாகத் தோன்றியது.

மாஸ்டர் பாராட்டினார். "அசல் ஆணிடா நீ. விடாத, அங்கயே குடு. அப்பத்தான் அவனுக்குக் கை தூக்கப் பழகும்."

பழகவில்லை. தூக்க வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

மற்றவர்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எடை இறக்கும் நாட்களில் தண்ணீரைக் குறைத்து, பிளாஸ்டிக் சட்டையில் ஓடவைத்து, உடம்பைப் பிழிந்துவிடுவார்கள். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் எல்லாம் அதிலேயே வரும். அண்ணன் பொத்தானை மாற்றிப் போட்டான். தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினான். "எடை இறங்குறப்ப எல்லாரும் இப்படித்தான்" என்றார் மாஸ்டர். இன்று காலை எடை பார்த்து முடிந்தது. வயிறு முட்டக் குடித்தான், சாப்பிட்டான். அதற்குப் பிறகும் அவனுடைய இடது கண்ணின் பாவை மட்டும் விரிந்தே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன்.

சாயங்காலம் வகுப்பிலிருந்து திரும்பியபோது அண்ணி வாசலிலேயே நிறுத்தினாள். கையில் ஒரு வெள்ளைத் துண்டு.

"தம்பி, அவர் ஒரு மாதிரி இருக்கார். கேட்டா எரிஞ்சு விழறார். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எடை இறக்கினதுதான் அண்ணி."

"நாளைக்கு இத நீ வச்சுக்கோ. மாஸ்டருக்குப் பட்டம்தான் பெருசு, அவர் வீச மாட்டார். கொஞ்சம் தப்பாத் தெரிஞ்சாலும் நீ வீசிடு. அவர் என்னைத் திட்டினாப் பரவால்ல, எனக்கு ஆள் வீடு வந்து சேரணும்."

மூலையில் நிற்பவர்கள் துண்டை மேடைக்குள் வீசினால் சண்டை அந்த நொடியே நின்றுவிடும். சரி என்று வாங்கிக்கொண்டேன். மாஸ்டரிடமும் அண்ணி பேசிவிட்டாளாம். துண்டு என் கையில்தான் இருக்கும்.

இனி டீச்சர் கேட்ட முடிவு. முதல் மூன்று சுற்றுகள் குருவிக்கு. நான்கில் கால் இழுபடும். ஆறில் ஆணியின் வலது அந்த இடத்தில் இறங்கும். அண்ணன் உட்காருவான், சிரிப்பான், எழுந்தும் விடுவான். கையைத் தூக்காமல் நிற்பான். அடுத்த அடிக்குப் பிறகு அவனால் எழ முடியாது. மேடையிலிருந்து மட்டுமல்ல, கட்டிலிலிருந்தும்.

ஆணியைக் குறை சொல்லக் கூடாது. அந்த இரண்டு விரல் இடத்தைத் தயார்செய்து வைத்தது நான். கையுறை போட்டு, விதிப்படி, மாஸ்டர் கண்முன்னால், சத்தியத்தையும் மீறாமல். அண்ணன் போனால் எங்கள் பயிற்சிக் கூடத்தில் இந்த எடைக்கு ஓர் இடம் காலியாகும் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றியது. முன்பே தோன்றியிருந்தால் முன்பே எழுதியிருப்பேன்.

அண்ணனை நான் காப்பாற்றத்தான் போகிறேன். அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாளைய வேலை: துண்டை அலசிக் காயப்போட்டு, மடித்துப் பையில் மேலாக வைக்க வேண்டும். அண்ணன் முதல் தடவை விழும்போது வீசக் கூடாது. அது தற்செயலாக இருக்கலாம்.