மூன்று பேர் படுக்கும் டென்ட்

"திரும்பி வந்த டென்ட்டைக் கொடுங்க சார். இன்னிக்கு ராத்திரி நான் அதுல படுத்துப் பார்க்கணும்."

இரவு பத்து நாற்பது. டென்ட் கம்பெனி வாசல். கடைசி பஸ்ஸும் போய்விட்ட சாலை. மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்குதான் எரியும், அதுவும் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு... மேலாளர் கார் கதவைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். எதை வேண்டுமானாலும் கேளம்மா, திரும்பி வந்த சரக்கை மட்டும் கேட்காதே.

கேட்டுவிட்டாள்.

இது என் அறைத்தோழியின் அக்காவுக்கு நடந்தது. மலைக்குப் போக எந்த டென்ட் வாங்கலாம் என்று சாயங்காலத்திலிருந்து ஆளாளுக்குக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களே... அதனால்தான் சொல்கிறேன். நெருங்கி உட்காருவதென்றால் உட்காருங்கள். நடுவில் எழுந்து போகாதீர்கள்.

அக்கா துணித் தொழில்நுட்பம் படித்தவள். அந்த வீட்டில் முதல் பட்டம். அப்பா மூட்டை தூக்குகிறவர். அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறவளிடம் அம்மா என்ன சொல்லி அனுப்புவாள்? வாயை மூடிக்கொண்டு இரு. என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேருமே உருப்படவில்லை.

தரம் பார்ப்பது அவள் வேலை. நிறம், பளபளப்பு, விளம்பரம் எதையும் பார்க்க மாட்டாள். பட்டப்பகலில் உள்ளே புகுந்து ஜிப்பை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். தையலில் ஊசி போன ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தால் தேறாது. தையல் மேல் ஒட்டிய டேப்பை நகத்தால் நெம்புவாள். எழும்பினால் தேறாது. ஒரு மணி நேரம் குழாய்த் தண்ணீரை மேலே விடுவாள்.

கடைசிச் சோதனை, ராத்திரி உள்ளே படுப்பது. நாம் விடும் மூச்சு துணியில் பட்டு நீராகப் படியும். காலையில் அதை உலர்ந்த துணியால் ஒற்றி, துணியைத் தராசில் வைக்க வேண்டும். அவள் ஒருத்தியின் மூச்சுக்கு, துணியில் ஏறிய ஈரம் நூறு கிராமைத் தாண்டாது. தாண்டினால் காற்றுத் துளை சரியில்லை, உள்ளே படுப்பவர் நனைவார்.

புதிதாக ஒரு மாடல் போட்டார்கள். மூன்று பேர் படுக்கும் டென்ட். எங்கிருந்தோ மொத்தமாக வந்து இறங்கிய ஒரே துணியில் தைத்தது. எங்கிருந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நூறு டென்ட் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைகளைப் பனிமலைக்குக் கூட்டிப் போகிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி. அதற்கு முன்னால் தரத் தாளில் அவள் கையெழுத்து வேண்டும்.

முந்தின ராத்திரி அதில் ஒன்றில் படுத்தாள். காலையில் தராசு நூற்றித் தொண்ணூறு காட்டியது.

காற்றுத் துளைதான் கோளாறு என்று அவிழ்த்து, அளந்து, ஊதிக்கூடப் பார்த்தாள். துளையில் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கம்பெனி ஸ்டோரில் ஒருவர் இருந்தார். வாயே திறக்க மாட்டார் என்பதால் அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். அவரிடம்தான் போய் நின்றாள். "இந்த மாடல் முன்னாடி வெளிய போயிருக்காண்ணே?"

பூட்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இழுப்பறையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். சோதனைக்காக மூன்றே மூன்று டென்ட் கடைக்குப் போயிருக்கிறது. மூன்றுக்கும் புகார். முதல் சீட்டு, புருஷன் பெண்டாட்டி: இடம் போதவில்லை. இரண்டாவது, இரண்டு நண்பர்கள்: இடம் போதவில்லை.

அந்தத் தொழிலில் இது ஒரு புகாரே இல்லை. தெரிந்துகொள்ளுங்கள், மூன்று பேர் டென்ட் என்று எழுதியிருந்தால் இரண்டு பேரும் அவர்கள் பைகளும்தான் என்று அர்த்தம். தெரியாமல் வாங்குகிறவர்கள் தினமும் கத்துவார்கள். அதனால் 'இடம்' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே, மேற்கொண்டு படிக்காமல், 'வாங்கியவர் தவறு' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவது அங்கே வழக்கம். மூன்று சீட்டிலும் அந்த முத்திரை இருந்தது.

மூன்றாவது சீட்டை அக்கா இரண்டு முறை படித்தாள். அதில் படுத்தது ஒரே ஆள். தனியாகப் போனவர்.

இடம் போதவில்லை.

"ஒத்த ஆளுக்கா பத்தல? யானையாண்ணே அந்த ஆளு?"

பூட்டு சிரிக்கவில்லை. "ஒல்லியா இருப்பாரும்மா. கடையில மாத்தித் தர மாட்டேன்னுட்டாங்க. அதையே எடுத்துக்கிட்டு மறுபடி போனாரு... காலையில வெளிய பனியில கெடந்தாராம். டென்ட்டு ஜிப்பு உள்பக்கமா போட்டிருந்துச்சாம்."

"உசிரு?"

பூட்டு இழுப்பறையைத் தள்ளி மூடினார். "அந்த டென்ட்டு மேல் தட்டுல இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அந்த டென்ட்டைத்தான் அவள் ரோட்டில் நின்று கேட்டாள். மேலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "படுத்துக்கோ. ஆசை தீரப் படுத்துக்கோ. காலையில கையெழுத்து இருக்கணும். இல்லன்னா இதே ரோட்ல நடந்து வீட்டுக்குப் போயிடு." கார் போய்விட்டது.

சோதனைக் கூடம் பெரிய தகரக் கொட்டகை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். காவலாளி வெளியே நாற்காலி போட்டுக்கொண்டார். வேறு யாரும் இல்லை.

டென்ட்டை விரித்துக் கம்பிகளைச் செருகி நிறுத்தினாள். உள்ளே போனாள். புது டேப் பசையின் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று... நனைந்த கம்பளி வாடை. கொட்டகையில் கம்பளியே கிடையாது. பாயை இடது ஓரமாகப் போட்டாள். ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தாள். மூன்று பேர் இடம். தாராளமாக இருந்தது.

ஒரு மணி இருக்கும். தகரத்தில் எங்கோ பல்லி. பிறகு அதுவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். உள்ளே... வெளியே... உள்ளே...

தன்னுடையதுதான் என்று நினைத்தாள். சந்தேகம் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். எதிர்ப்பக்கத் துணி மெல்ல வெளியே புடைத்தது. உள்ளிருந்து யாரோ முதுகைச் சாய்த்தால் எப்படிப் புடைக்குமோ, அப்படி. கம்பி 'க்ரிக்' என்றது.

நீங்களாக இருந்தால் அலறியிருப்பீர்கள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு செத்த மனுஷன் எழுதிய சீட்டைப் படிக்காமல் முத்திரை குத்தியவர்கள் மேல் இருந்த கோபம் அது... இருட்டில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

"தள்ளிப் படு," என்றாள். "நான் வேலையா வந்திருக்கேன்."

மூச்சுச் சத்தம் நின்றது. தரைத்துணி சரசரத்தது. அது... கொஞ்சம் தள்ளிப் படுத்தது.

அதன் பிறகு அவள் தூங்கவில்லை. அசையவும் இல்லை. ஆனால் இடம் குறைந்துகொண்டே வந்தது. கை எதுவும் மேலே படவில்லை, பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து உட்கார்ந்தால் ஓர் அழுத்தம் வருமே, அந்த மாதிரி. சில்லென்று, மரியாதையாக, விடாமல். மூன்று மணிக்கு அவள் முதுகு வாசல் ஜிப்பில் முட்டிக்கொண்டிருந்தது. பல் பல்லாக ஜிப்பு உறுத்தியது. விரலால் பாயைத் தேடினாள். பாய் எட்டவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. கண் திறந்தபோது சிமென்ட் தரையில் கிடந்தாள். வெளியே. உடம்பு விறைத்துப் போயிருந்தது. டென்ட் மூடியே இருந்தது. அவள் திறக்கவில்லை.

கொட்டகைக்குள்ளேயே அந்தக் குளிர். மலையில், பனியில், பத்து வயசுப் பிள்ளைகள்... அதை நினைத்துத்தான் தரையை ஊன்றி எழுந்து உட்கார்ந்ததாகச் சொன்னாள்.

ஐந்தரை மணிக்கு வெளிச்சம் வந்தது. எழுந்து போய் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. துணி முழுக்க முத்து முத்தாக ஈரம். எதிர்ப்பக்கத்தில் மட்டும் ஒரு முதுகு அகலத்துக்கு உலர்ந்திருந்தது. இரண்டு துணி எடுத்தாள். இடது பக்கத்தை ஒன்றால் ஒற்றினாள், வலது பக்கத்தை இன்னொன்றால். தராசில் வைத்தாள். இடது எழுபது. வலது நூற்றிப் பத்து.

படித்தவள் இல்லையா. எல்லாவற்றையும் எழுதினாள்.

பிறகு ஆர்டர் தாளிலிருந்த பள்ளிக்கூட டீச்சரின் எண்ணுக்குப் போன் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் குரல். "கம்பெனிக்காரங்களே வேணாங்கறீங்களா? என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டில்ல டீச்சர். பிள்ளைங்களை அதுல படுக்க வைக்காதீங்க. ஏழு மணிக்குள்ள நேர்ல வர்றேன். எல்லாம் எழுத்துல இருக்கு."

"உன் வேலை போயிடுமேம்மா."

"போகட்டும் டீச்சர்."

ஆறு மணிக்கு லாரியும் மேலாளரும் சேர்ந்தே வந்தார்கள். அவர் கொட்டகைக்குள் வந்து தரத் தாளை வாங்கிப் பார்த்தார். 'உள்ளே படுத்தவர்கள் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"நீ ஒருத்திதானேம்மா படுத்தே?"

"ஆமா சார்."

"ரெண்டுன்னு எழுதியிருக்கே."

"படுத்தவங்க எத்தனை பேருன்னுதானே கேட்டிருக்கு."

முடிவு என்ற இடத்தில் 'தேறாது' என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து, தெளிவாக. மேலாளர் தாளை நாலாகக் கிழித்தார். "படிச்ச திமிரு. உன்ன மாதிரி வீட்லேர்ந்து வர்றவங்களுக்கு வேலை கொடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும். நீ போடலன்னா அந்தக் கையெழுத்தைப் போட நூறு பேர் இருக்கான். வெளிய போனா உனக்கு எவன் வேலை தருவான்னு..."

இன்னொரு பிரதி அவள் பையில் இருந்தது, மூன்று சீட்டுகளோடு. அவள் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அப்போது டென்ட்டுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரொம்ப நேரமாகத் தன் முறைக்குக் காத்திருப்பவர் செருமுவாரே, அப்படி... நிதானமாக.

மேலாளரின் பேச்சு பாதியில் நின்றது. பிறகு, அதுவரை அவரிடம் அவள் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"உள்ள... யாரும்மா?"

அவள் லாரியைத் தாண்டி ரோட்டில் ஏறி, பள்ளிக்கூடம் இருந்த பக்கமாக நடந்தாள்.