தொண்ணூத்தஞ்சு பெட்ரோல்

"தொண்ணூத்தொண்ணுக்கும் தொண்ணூத்தஞ்சுக்கும் இன்னாதான் வித்தியாசம், மச்சான்?"

"இப்ப இன்னாத்துக்கு மாப்ள அது?"

"சும்மாதான். சொல்லேன்."

லோகநாதன் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சாவி போடவில்லை. கதவைத் திறந்துவைத்து ஒரு காலை எர்ணாவூர்த் தெருவில் ஊன்றியிருந்தான். அவன் மனைவி எழில்மொழிக்கு நேற்றுதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. வாசலில் பந்தல் மூங்கிலை இன்னும் பிரிக்கவில்லை.

அவளுடைய அண்ணன் அறிவு பின்சீட்டில் இருந்தான். முன்சீட்டில், அவள் உட்கார்ந்த இடத்தில், உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. காரைக் கேட்டு வாங்கிப் போகத்தான் வந்திருந்தான். புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைப்பவரிடம் பேசியாகிவிட்டது. அதை எப்படி ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் லோகநாதன் பெட்ரோலைப் பற்றிக் கேட்டான்.

"அது ஆக்டேன் நம்பரு மாப்ள. நம்பரு ஏற ஏற..."

"வண்டிக்குத் தெம்பு ஏறும்னு சொன்ன அப்ப."

"ஆமா... எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

"காலடிப்பேட்டை மெக்கானிக்கு வேற மாதிரி சொன்னாரு. தெம்புக்கும் நம்பருக்கும் சம்பந்தமே இல்லயாம். இன்ஜினு உள்ள அமுக்கறப்ப பெட்ரோலு அவசரப்பட்டுத் தானா பத்திக்கக் கூடாதாம். எவ்ளோ அமுக்கினா தாங்குதுன்றதுதான் அந்த நம்பராம். இந்த மாதிரி சின்ன வண்டிக்கு சாதா பெட்ரோலே போதும்னு கம்பெனிக்காரனே புக்குல போட்டுகிறானாம்."

அறிவு சீட்டின் நுனிக்கு நகர்ந்தான்.

"எப்ப போன மெக்கானிக்காண்ட?"

"ஆச்சு, ரெண்டு மாசம்."

"வண்டியப் பாத்தாரா?"

"பானட்டத் தொறந்து பாத்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"நீ சொல்லு. பெட்ரோல்ல ஸ்பீடு நல்லதா, எக்ஸ்பி நல்லதா? பவருனு ஒண்ணு போட்டோமே, அதா?"

"எல்லாம் ஒண்ணுதான் மாப்ள. பேருதான் வேற. தொண்ணூத்தஞ்சுனா எந்த பங்க்லயும் தொண்ணூத்தஞ்சுதான்."

"அப்ப இன்னாத்துக்கு மச்சான் ஒண்ணொண்ணா மாத்தச் சொன்ன?"

வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டு நின்றன.

அறிவு கால்டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். போன டிசம்பர் வெள்ளத்தில் சடையங்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் நின்ற இந்தக் கார், ஸ்டியரிங் வரை முழுகி இரண்டு நாள் கிடந்தது. தண்ணீர் வடிந்தபின் தானே கழுவினான். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்தான், தரைவிரிப்பைப் புதிதாகப் போட்டான். ஒரு மாதம் கழித்து வண்டி கிளம்பியது. ஆனால் இன்ஜினில் டக் டக்கென்று ஒரு தட்டல் தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு சவாரி ஓட்ட முடியவில்லை. வெளி ஆள் யாராவது வாங்குவான் என்றுதான் நினைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் எழில்மொழி கேட்டாள். அவளுக்கு மூச்சிரைப்பு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து லாரிப் புழுதியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் இன்னும் இரண்டு பங்கு இரைக்கிறது, உன் வண்டியை எங்களுக்கே விலைக்குக் கொடேன் அண்ணா என்றாள். அவன் கொடுத்தான். வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வாரங்கள் ஓடிவிட்டன.

தட்டல் சத்தம் கேட்கும் போதெல்லாம் லோகநாதன் போன் பண்ணுவான். பெட்ரோல் சரியில்லை, தொண்ணூத்தஞ்சு போட்டுப் பார் என்பான் அறிவு. அப்புறம் இந்தக் கம்பெனி வேண்டாம், அந்தக் கம்பெனி போடு என்பான். ஒருமுறை நூறு நம்பர் பெட்ரோலைக்கூடச் சொன்னான். அதைத் தேடி லோகநாதன் அண்ணா நகர் வரை போய்வந்தான்.

"அன்னிக்கும் தொண்ணூத்தஞ்சுதான் இருந்துச்சு மச்சான். ஃபுல் டேங்கு."

"மாப்ள, வேணாம்..."

"காத்தால ஏழு மணி. இன்ஹேலரு அட்ச்சும் அடங்கல. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்னு கெளம்பினோம். சுங்கச்சாவடி தாண்டல... வண்டி அப்டியே நின்னுபோச்சு. ஸெல்ஃபு எடுக்கல, லைட்டு எரியல, ஹாரனுகூட வரல. முன்னாடி லாரி, பின்னாடி லாரி. கண்ணாடிய எறக்கலாம்னா அதுவும் எறங்கல. கதவத் தொறந்து அவளத் தூக்கிகினு ஓடினேன். லாரிக்காரங்க எறங்கி வழி உட்டாங்க. ஒரு ஆட்டோ கெடைக்கறதுக்கே அர மணி நேரம் ஆயிப்போச்சு. டாக்டரு கையப் புடிச்சுப் பாத்துட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னாரு."

லோகநாதன் குரல் ஏறவில்லை. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அறிவையே பார்த்துக்கொண்டிருந்தன. அறிவு குனிந்துகொண்டான். பதினாறு நாளாக எல்லாரும் அவன் தோளைத் தட்டி, ஒரே தங்கச்சி ஆச்சே என்று ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டலும் அவனுக்கு அடி மாதிரி விழுந்திருந்தது. கொள்ளி வைத்த இடத்தில்கூட அவன் நினைப்பு இந்தக் காரின் மேல்தான் இருந்தது. எந்த மெக்கானிக் எப்போது பிரித்துப் பார்ப்பானோ என்று.

"இந்த வண்டிய நான் கட்டி இழுத்துகினு போறேன் மாப்ள. இத்தப் பாத்துகினே நீ இருக்க வேணாம். புதுப்பேட்டைல ஒடச்சிடலாம்."

"ஒடச்சிடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நூறு போட்டிருந்தா நின்னிருக்காதா?"

"மாப்ள..."

"கேக்கறேன். நம்பரு பத்தலயா? பங்க்கு தப்பா? நான் தப்பாப் போட்டேனா?"

அறிவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நீ தப்பாப் போட்டுவிட்டாய் என்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை போதும். லோகநாதன் ஆயுசுக்கும் அதை நம்பிக்கொண்டே இருப்பான். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அறிவு இரண்டு கையாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல மாப்ள."

"அப்பறம்?"

"வண்டி முழுகின வண்டி. வெள்ளத்துல ரெண்டு நாளு கெடந்துச்சு. நான் கழுவி... கழுவிக் குட்த்துட்டேன். சொல்லல. அந்தத் தட்டலு இன்ஜின்ல தண்ணி பூந்த தட்டலு. எந்தப் பெட்ரோலு ஊத்தினாலும் போவாது. தெரிஞ்சேதான் உனுக்கு ஒவ்வொரு பேரா சொல்லிகினு இருந்தேன்."

"ம்."

"என் தங்கச்சிய நானே... அடி மாப்ள. செருப்பக் கழட்டி அடி. வூட்டு வாசப்படி மிதிக்காதன்னு சொல்லு. சும்மா இருக்காத."

லோகநாதன் தெருவில் ஊன்றியிருந்த காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினான். லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"எழிலுக்குத் தெரியும், மச்சான்."

"இன்னா... இன்னா தெரியும்?"

"வண்டி வந்த மொத வாரமே. சீட் பெல்ட்ட முழுசா இழுத்துட்டா. உள்ள சுருட்டி இருக்கற பாகம் பூரா சேறு காஞ்சு கெடந்துச்சு. என்னாண்ட காட்டினா. நான் உன்னக் கேக்கறேன்னு கெளம்பினேன், சட்டையப் புடிச்சுகினா. 'அண்ணனுக்கு வேற வழி இருந்திருந்தா என்னாண்ட இப்டிச் செஞ்சிருக்காது. கேட்டன்னா அதுக்கப்பறம் நம்ம வூட்டுப் பக்கமே வராது'ன்னா. மெக்கானிக்கு ஒயரிங்கு பூரா செத்துகினு கீது, மாத்துனு சொன்னாரு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நான்தான் தள்ளிப் போட்டேன். தெரிஞ்சேதான் நானும் அவள இதுல ஏத்தினேன். நீ போன்ல பெட்ரோலு பேரு சொல்லச் சொல்ல, அவ பக்கத்துல உக்காந்து கேட்டுகினே இருப்பா. சரின்னு சொல்லுனு கையக் காட்டுவா. நானும் சரி மச்சான், சரி மச்சான்னு போன வெச்சுடுவேன்."