மெஷின் மேல் பூந்தொட்டி

"ஹலோ... அண்ணி, நான் பேசிட்டிருக்கேன்ல... இல்ல, முதல்ல நான் சொல்றதை... சரி, நீங்களே பேசுங்க. பேசி முடிங்க."

தையல்காரி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மடியில் கிடந்த கம்பளிக் கோட்டில் ஊசி குத்தினாள். சொந்த மெஷின் இல்லாதவளுக்கு அந்தக் கடையில் கைவேலை மட்டும்தான். கோட்டுக்காரம்மா கால் முறிந்து கிடந்தார். அதே உடல்வாகு உள்ள இவள் கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் அனுப்பும் காரில் போய், கோட்டின் அளவு சரிபார்க்க அவர் முன்னால் நடந்து திரும்பிக் காட்ட வேண்டும். நேற்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டதை எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்ற அண்ணி பார்த்துவிட்டாள்.

"ஆமா... ஆமா, நான்தான். அதே கோட்டுதான்... என்னது, கார்க்காரரோட ரகசியக் கல்யாணமா? யாரு சொன்னா?... ஓ, தெருவே சொல்லுதா. தெருவுக்குச் சொன்னது யாரு?... கடையையே வாங்கிக் குடுத்துட்டாராமா? அடேங்கப்பா!... பாசமா? மூணு வருஷமா அதைச் சலவைக்கா போட்டிருந்தீங்க?... அழாதீங்க. மூக்கு உறிஞ்சறது இங்க கேக்குது... மாடி அறையா? என் பெட்டியைப் படியில உருட்டிவிட்டீங்களே, அதுதானே?... வெள்ளையடிச்சாச்சா! ஒரே நாள்லயா!... வேண்டாம் அண்ணி. அன்னிக்கு என்ன கேட்டேன்? அம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போன தையல் மெஷின். அது மேல பூந்தொட்டி வச்சிருக்கேன், எடுக்க முடியாதுன்னீங்க... அனுப்பிட்டீங்களா? யார்கிட்ட?"

தையல் மெஷினைத் தூக்கியபடி, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட புதுச் சட்டை, வியர்வையில் தொப்பல்.

"வந்துட்டார் உங்க வீட்டுக்காரர். மூணு மாடி ஏறி வந்திருக்கார், பேச்சே வரலை... அண்ணே, இந்த ஓரமா இறக்கு. மெதுவா, கால் உடைஞ்சிடப் போகுது... உன் காலைச் சொல்லலண்ணே, மெஷின் கால்."

பலகையில் வட்டமாக ஈரக் கறை படிந்திருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. உட்கார்ந்து மிதித்தாள். முதலில் முனகிய சக்கரம் பிறகு சீராக ஓடியது.

"கேக்குதா அண்ணி, சத்தம்? ஓடுது... இப்பக் கேட்டுக்குங்க. கார் வாடிக்கைக்காரம்மாவோடது. கோட்டும் அவங்களோடது. நான் வெறும் ஹேங்கர்... பொய்யா? நான் எப்ப வாயைத் திறந்தேன்? கல்யாணம் பண்ணி வச்சது நீங்க, கடை வாங்கிக் குடுத்தது நீங்க. நான் கேட்டது மெஷின் ஒண்ணுதான்... ஐயோ, கத்தாதீங்க... திருப்பி அனுப்பணுமா? உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. தரையில உக்காந்துட்டார், முடியாதுன்னு தலையை ஆட்டறார்... சரி, சரி, வச்சிடுங்க. வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, அண்ணி. அந்தப் பூந்தொட்டியை இப்ப எது மேல வச்சிருக்கீங்க?"