மாப்பிள்ளையின் கவனம்

டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். விசாரணை என்று கூப்பிட்டுவிட்டீர்கள், கேளுங்கள், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

நானும் என் தங்கை கணவரும் ஒரே அறையில், அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து லிஃப்டை இயக்கும் நிரல் எழுதுகிறவர்கள். மாப்பிள்ளைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் ஓடும் டெர்மினலில்தான் எழுதுவோம். எழுதியதைச் சேமிக்க அவர் அடிக்கடி மறந்துவிடுவார். அதற்காக ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். திரையில் எழுதிக்கொண்டிருக்கும் ஜன்னலை விட்டு அவர் வேறு ஜன்னலுக்குப் போனால், நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டருக்கு டெர்மினல் ஒரு சமிக்ஞை அனுப்பும். எடிட்டர் உடனே கோப்பைச் சேமித்துவிட்டு, ‘கவனம் போனது’ என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதும். திரும்பினால் ‘கவனம் வந்தது’. பதிவேடு என் திரைக்கு வரும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொந்தக்காரருக்குச் செய்கிற உதவியைத் தமுக்கடித்தா சொல்வார்கள்?

முதல் நாள் பதினெட்டு முறை கவனம் போனது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இந்த மனிதர் பதினெட்டு முறை எங்கே போகிறார்? நேரில் கேட்டால் சங்கடப்படுவார் என்று, கணினியிலேயே செய்தி அனுப்பினேன்.

“எங்க போனீங்க மாப்பிள்ளை?”

“எங்கயும் போகல மச்சான், இங்கதான் இருக்கேன்.”

கொஞ்சமும் கூசாமல் பொய். அடுத்த வாரம் விடாமல் கேட்டேன், ஒரு நாள் எண்ணிக்கை நூறானது. இன்னும் விடாமல் கேட்டேன், முந்நூறானது.

எனக்குக் கடிந்து பேச வராது. அதனால், கவனம் போகும் ஒவ்வொரு முறையும் அவர் கடைசியாக எழுதிய வரி அழிந்துபோகும்படி எடிட்டரை மாற்றினேன். ஒரே ஒரு வரிதான், ஐயா.

“நேத்து எழுதினது இன்னிக்கு இல்ல மச்சான். எழுதினேனா, எழுதினதா நெனச்சேனா, அதுவே தெரியல” என்று ஒருநாள் கண் கலங்கினார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

தங்கை பதறிப்போய் வந்தாள். பதிவேட்டை நாற்பது பக்கம் அச்செடுத்துக் கொடுத்தேன்.

“ஐயோ அண்ணா, ஒரு நாளைக்கு இத்தனை தடவையா இவருக்குக் கவனம் போகுது?”

ஜன்னலின் கவனம் வேறு, மனிதனின் கவனம் வேறு என்று விளக்கியிருக்கலாம். ஆனால் எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லையே. தங்கை அவரைக் கூட்டிப்போன மருத்துவரும் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டினார். நோயை இவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்த குடும்பத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாராம். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அழிந்த வரிகளில் லிஃப்டின் கதவைத் திறக்கும் வரியும் ஒன்று. அலுவலகக் கட்டடத்திலேயே வெள்ளோட்டம் பார்த்ததால் முதலாளி ஐந்து மணி நேரம் லிஃப்டுக்குள்ளேயே நின்றார். மாப்பிள்ளையின் வேலை போனது. இப்போது மருத்துவர் சொன்ன பயிற்சிக்காகச் சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். பெற்ற மகள் “அப்பா” என்று கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. திரும்பினால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயமாம்.

நீங்கள் என் செய்திகளையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துக் காட்டினீர்கள். முந்நூறில் இருநூற்றெண்பது முறை, நான் அனுப்பிய செய்தியைத் திறக்கத்தான் அவர் ஜன்னலை விட்டுப் போயிருக்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். எடிட்டரை மாற்றியது நான். வரிகளை அழித்தது நான். தாள்களைக் கொடுத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நேற்று அவர் கைப்பேசிக்கு நாற்பது செய்தி அனுப்பினேன், ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மனிதர் தேறிவிட்டார், ஐயா.