சுண்டுவுக்கான புத்தகம்

எனக்கு டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், பால் ஒத்துக்காது. தண்ணி போதும்.

பள்ளிக்கூட நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கிறதுன்னா கடைக்குப் போய் அள்ளிட்டு வர்ற வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு முறை படிப்பேன். கறுப்பா இருக்கிறவன்தான் திருடனா? குண்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாங்களா? அம்மா எப்பவும் அடுப்படியிலேயேதான் நிக்கிறாளா? அப்படின்னா அது என் அலமாரிக்கு வராது. எந்தக் குழந்தை வந்து நின்னாலும் தன்னை மாதிரி ஒருத்தரை அங்க பார்க்கணும். காது கேட்காத பையனுக்கு ஒண்ணு, அப்பா இல்லாத பொண்ணுக்கு ஒண்ணுன்னு தேடித் தேடிச் சேர்த்தேன். தலைமை ஆசிரியர் அந்த அலமாரியை 'உங்க மூத்த பிள்ளை'ன்னு கேலி பண்ணுவார்.

சுண்டுன்னு பேர் வெச்சது நான்தான், அவ்வளவு சின்ன உருவம். அவ அம்மா எங்க பள்ளியில கழிவறை கழுவுறவங்க. விடியறதுக்குள்ள வந்து வேலையை முடிச்சிட்டுப் போயிடுவாங்க. சுண்டுவுக்காகவே ஒரு படக்கதை வரவழைச்சேன், கழிவறை கழுவுற அம்மாவை ஊரே மதிக்கிற கதை. வகுப்புல அவளை முன்னாடி உட்கார வெச்சு வாசிச்சேன். "இது யாரோட கதை, தெரியுதா?"ன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு அவ அம்மா யாருன்னு தெரியாதாம். அன்னைக்கப்புறம் அவ பக்கத்துல யாரும் உட்காரல. அது அந்தப் பிள்ளைங்களோட கோளாறு மேடம், புத்தகத்தோட கோளாறு இல்ல.

அவ அதைத் தொடவே இல்ல. வந்து நின்னா ஒரே பாட்டுதான்.

"டீச்சர், ஆக்டோபஸ் புத்தகம் குடுங்க."

"உன் கதை இங்க இருக்கும்மா."

"எங்க வீடு எனக்குத் தெரியும் டீச்சர். கடல்தான் தெரியாது."

வாய்த்துடுக்கு. பெற்றோர் குழு வரப் போகுது, யாரும் எடுக்காத புத்தகத்துக்கு எதுக்கு அலமாரி, கம்ப்யூட்டர் வெச்சுக்கலாம்னு பேச்சு. தலைமை ஆசிரியர் கையை விரிச்சுட்டார். கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு அவர் முன்னாடி அழுதேன். கடைசியில, ஒரே ஒரு குழந்தையாவது குழு முன்னாடி 'இது என் புத்தகம்'னு சொல்லட்டும், பார்க்கலாம்னார்.

நேத்து குழு வர்ற நாள். சுண்டுவைப் புத்தக அறைக்குக் கூட்டிட்டுப் போனேன். நன்கொடையா வந்த பழைய மூட்டையெல்லாம் போட்டு வெச்சிருக்கிற அறை. ஒரு ஸ்டூல், அந்தப் படக்கதை. படிச்சு முடி, திறக்கிறேன்னு சொல்லிப் பூட்டினேன். அடிக்கல, திட்டல. பையை மட்டும் வாங்கி வெளியே வெச்சேன், அதுல இருந்த ஆக்டோபஸ் புத்தகம் உள்ளே போயிடக் கூடாதே.

பையில இன்ஹேலர் இருந்தது தெரியுமான்னு கேக்கிறீங்க. தெரியும். பள்ளியில சேர்த்த அன்னைக்கே அவ அம்மா பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து காட்டினாங்க. தூசி ஆகாது டீச்சர், கொஞ்சம் பார்த்துக்குங்கன்னாங்க.

கதவைத் தட்டினா. "படிச்சுட்டியா?"ன்னு கேட்டேன். "மூச்சு, டீச்சர்"னா. படிக்கச் சொன்னா எந்தப் பிள்ளைக்குத்தான் சாக்கு வராது? நான் குழுவுக்கு நாற்காலி போட்டுக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல தட்டுறது நின்னுபோச்சு. அப்பாடா, படிக்க ஆரம்பிச்சுட்டான்னு நினைச்சேன். சத்தியமா சந்தோஷப்பட்டேன் மேடம்.

குழு வந்ததும் நான்தான் திறந்தேன். புத்தகம் ஸ்டூல் மேலேயே இருந்தது, பிரிக்கவே இல்ல. சுண்டு கதவடியில கிடந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க, உயிர் எப்பவோ போயிடுச்சாம். அலமாரிப் பக்கம் ஒருத்தர்கூடத் திரும்பல.

எழுதிக்குங்க. தப்பு என்மேலதான், மறைக்க மாட்டேன். இத்தனை வருஷம் தேடித் தேடிச் சேர்த்தும், மூச்சிரைப்பு இருக்கிற குழந்தையைப் பத்தி ஒரு புத்தகம்கூட வாங்காம விட்டுட்டேன்.