ஊதாப் புழு வந்த ஜீப்பு

மலையடிவாரத்து மக்களின் நூற்றாண்டு அறியாமையைப் போக்கவே போடிக்குக் கடலைக் கொண்டுவந்தேன். கடல் என்றால், வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. மற்ற ஏலக்காய் வியாபாரிகள் வீட்டில் மான் கொம்பு மாட்டியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் வரும்போது என் வீட்டில் வேறு ஏதாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதில் தவறில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

கொச்சியில் ஒரு கடல் தட்டைப்புழு வாங்கினேன். ஊதா உடம்பு, மஞ்சள் கரை. பட்டு முந்தானை காற்றில் அலைவது போல நீந்தும். குலுங்கினால் கரைந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். அதனால் ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தேன்.

போடிமெட்டுக்கு முன்னால், எங்கள் ஏலத்தோட்டத்து வாசலில் கூலியாள் சின்ராசு கைகாட்டினான். காய் எடுக்கும்போது அவன் மனைவி கருத்தம்மாளை விரியன் கடித்திருந்தது. நான் ஏற்றிக்கொண்டேன். ஊரில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சின்ராசுக்கு ஆடாத கைகள். புழுப்பெட்டியை அவன் மடியில் வைத்தேன். கருத்தம்மாளின் தலையைத் தாங்க ஆளில்லாமல் போனது அப்படித்தான்.

"பூச்சிக்கு என்ன சீக்கு மொதலாளி?" என்று கேட்டாள். அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"சீக்கெல்லாம் இல்லத்தா. பெரிய எடத்துப் பூச்சி, குலுங்காமத்தான் வரும்" என்றான் டிரைவர் திருப்பதி. வாய்த்துடுக்கு உள்ளவன். அவள் சிரித்தாள்.

போடிமெட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது திருப்பதி சிரிக்கவில்லை. "அண்ணே, வெரசா விடட்டுமா? ஆத்தாளுக்கு ஈறுல ரத்தம் கசியுதுண்ணே."

"மெதுவாவே போ."

சின்ராசு என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கீழே வைக்கவில்லை. நான் சொல்லாமல் வைக்க மாட்டான். அடிவாரத்தில் முந்தல் வருவதற்குள் கருத்தம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். கடித்தது பாம்பு, ஐயா. நான் இல்லை.

நீங்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். புழு கரைந்து ஊதாச் சளியாகக் கிடந்தது. அவ்வளவு பெருமை பேசிவிட்டு, திருப்பதி முன்னால் அதை எப்படிச் சொல்வது? மூடியை அழுத்தி மூடி, சின்ராசின் மடியில் திரும்ப வைத்தேன். மெதுவாகவே போகச் சொன்னேன்.

சம்பந்தி வீட்டார் தொட்டிக்குள் ஊதாவாக அலைந்ததைப் பார்த்து அசந்துபோனார்கள். நீங்களும் உள்ளே வந்ததும் போட்டோ எடுத்தீர்கள்.

அது என் மனைவியின் ரவிக்கைத் துணி.